ஒளி பட்ட இடமும் படாத இடமும்

கல்லூரி நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை



"நீங்கள் செய்யிற ஆராய்ச்சியைப் பற்றி எல்லாருக்கும் விளங்கிற மாதிரிப் பேசவேணும்" என்று செயலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் சாயங்களோடு வேலை செய்பவள். சேலைக்குப் போடும் சாயம் அல்ல, உடம்புக்குள் செலுத்தும் சாயம். இருட்டில் சும்மா கிடக்கும். குறித்த நிற ஒளி பட்டால் மருந்தாக வேலை செய்யும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இடையில் ஒரு குடும்பக் கதையும் வரும். அதையும் பொறுத்துக் கேளுங்கள்.

காலையில் இங்கு வந்தவுடன் பழைய இரசாயன ஆய்வுகூடத்தின் யன்னலடியில் சற்று நேரம் நின்றேன். உயர்தர வகுப்பில் எங்கள் இரசாயன ரீச்சர் அங்கேதான் ஒரு கேள்வி கேட்டார்: "வெள்ளி நைத்திரேற்றை ஏன் பிள்ளைகள் கபில நிறப் போத்தலில் வைத்திருக்கிறோம்?" வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னோம். "அப்படியென்றால் வெளிச்சமும் ஒரு தாக்கிதான். போத்தலில் அடைக்கமுடியாத தாக்கி" என்றார். நான் இத்தனை வருடம் செய்துவரும் வேலை முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

முதலில் ஒரு தாதியின் கதை. இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் றொச்ஃபோட் பொது வைத்தியசாலை. 1956ஆம் ஆண்டுக் கோடைகாலம். குறைமாதக் குழந்தைகளின் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் ஜீன் வார்ட். வெயிலும் காற்றும் பிள்ளைகளுக்கு நல்லது என்பது அவருடைய நம்பிக்கை. நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கிடத்துவார். ஒருநாள் வைத்தியர்கள் விடுதியைச் சுற்றிவந்தபோது ஒரு குழந்தையைத் துணி நீக்கிக் காட்டினார். உடம்பு வெளிறியிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் முக்கோண வடிவில் கடும் மஞ்சள். ஏதோ மருந்து பூசியிருக்கிறது என்று வைத்தியர்கள் எண்ணினார்கள். நடந்தது வேறு. அந்தக் குழந்தைக்குச் செங்கமாரி. உடம்பு முழுவதும் மஞ்சளாக இருந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் மறைந்துவிட்டது. விரிப்பின் மூலை மூடியிருந்த இடத்தில் மட்டும் அப்படியே நின்றது.

சில வாரங்களின் பின், செங்கமாரிக் குழந்தை ஒன்றின் குருதி மாதிரி யன்னலடி வெயிலில் மறந்து விடப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது மஞ்சட்பொருளின் அளவு எதிர்பார்த்ததை விடக் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த வைத்தியர் கிறேமரும் இருவரும் ஆராய்ந்து, நீலநிற விளக்குகள் பொருத்திய ஒரு தொட்டிலை அமைத்தார்கள். 1958இல் 'லான்செற்' மருத்துவ இதழில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. கட்டுரை ஆசிரியர்களின் பெயர்களில் சிஸ்டர் வார்டின் பெயர் இல்லை. அமெரிக்காவில் இச்சிகிச்சை பரவ, 1968இல் வேர்மொண்டில் வைத்தியர் லூசி செய்த ஆய்வு வெளிவரும்வரை பத்து வருடம் சென்றது. இன்று உலகமெங்கும் மகப்பேற்று விடுதிகளில் நீல விளக்கின் கீழ் கண் கட்டிய குழந்தைகளைப் பார்க்கிறீர்களே, எல்லாம் அந்த முக்கோணத்தில் தொடங்கியதுதான்.

அந்த விளக்கு என்ன செய்கிறது? பழைய செங்குருதிக் கலங்கள் உடையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருள் உண்டாகிறது. அது நீரில் இலகுவில் கரையாது. ஈரல்தான் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி வெளியே அனுப்பும். புதிதாகப் பிறந்த பிள்ளையின் ஈரல் அந்த வேலைக்கு இன்னும் பழகவில்லை. ஆகவே நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்கு அளவு கடந்துவிடும். கடந்தால் அது மூளைக்குள் சென்று படியும்.

ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறதென்றால், அது வெள்ளை ஒளியிலுள்ள நீலத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே பொருள். பிலிரூபின் 460 நனோமீற்றர் அளவிலான நீல ஒளியை எடுத்துக்கொள்ளும். அந்தச் சக்தியில் அதன் மூலக்கூறு முறுகி வடிவம் மாறும். மாறிய வடிவம் நீரில் ஓரளவு கரையும். ஈரலின் அந்த மாற்று வேலையை எதிர்பாராமல் பித்தத்தோடும் சிறுநீரோடும் வெளியேறிவிடும். இங்கே நாம் எந்தச் சாயத்தையும் ஏற்றவில்லை. நோயே சாயமாக வந்து நிற்கிறது. ஒளி மட்டும் போதும்.

இனி என் குடும்பக் கதை. 1990க்குப் பின் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. குப்பி விளக்கில் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். நானும் அப்படிப் படித்தவள்தான். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என் அக்காவுக்கு முதற்பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. வீட்டுக்கு வந்த அடுத்த நாளே முகத்தில் மஞ்சள் தெரிந்தது. "இளவெயிலில் பிடியுங்கோ, போயிடும்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அக்காவுக்கு உடம்பு இயலாது. பிள்ளையை விறாந்தையில் வெயிலுக்குப் பிடித்தது நான்தான். ஒரு மடியில் புத்தகம், ஒரு மடியில் பிள்ளை. காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் சிறிது நேரம். குளிரும் என்று துணியால் சுற்றித்தான் பிடித்தேன். முகமும் பாதங்களும் மட்டும் வெயிலில் பட்டன.

மூன்று நாள் அப்படிப் போனது. மஞ்சள் காலுக்கு இறங்கியது. பிள்ளை பாலுக்கு அழுவது குறைந்தது. சும்மா படுத்திருந்தான். "என்ன அமைதியான பிள்ளை" என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அந்த அமைதிதான் ஆபத்தின் அடையாளம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கழுத்தைப் பின்னால் வளைத்து வீறிட்டபோதுதான் பயந்துபோய், மண்ணெண்ணெயில் ஓடிய கார் ஒன்றைப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தாயின் குருதி வகைக்கும் பிள்ளையின் குருதி வகைக்கும் ஒத்துவரவில்லை என்று அங்கே கண்டுபிடித்தார்கள். குருதி மாற்றினார்கள். ஜெனரேற்றர் ஓடிய நேரமெல்லாம் விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்தான். செவிப்புலன் மட்டும் திரும்பவில்லை.

என் பெறாமகனுக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது. மரவேலை செய்கிறான், கெட்டிக்காரன். நான் யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பிழை வெயிலில் இல்லை. எவ்வளவு ஒளி, எந்த நிறம், எவ்வளவு தோலில் படவேண்டும், குருதியில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் அளக்கவில்லை. அளக்காத ஒளியை மருந்தென்று நம்பினோம். றொச்ஃபோட்டில் துணி மூடிய இடம் ஒரு சிறு முக்கோணம். என் மடியில் துணி மூடியது ஏறக்குறைய முழுப்பிள்ளையையும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2015இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் செய்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. மின்சாரத்தை நம்பமுடியாத இடம். புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் பெருமளவு தடுத்து, நீல ஒளியை உள்ளே விடும் தாள்களால் கூடாரம் கட்டி, தாய்மாரையும் பிள்ளைகளையும் அதன் கீழ் இருத்தினார்கள். பிள்ளைகளின் உடல்வெப்பத்தை அடிக்கடி பார்த்தார்கள், குருதியைச் சோதித்தார்கள். அந்த வடிகட்டிய சூரிய ஒளி, மின்விளக்குச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. எங்களிடம் இருந்ததும் அதே சூரியன்தான். வடிகட்டியும் அளவும் மேற்பார்வையும்தான் இருக்கவில்லை.

இந்தக் கதைதான் என்னை ஒளியின் பக்கம் இழுத்தது. இனி என் சாயங்களுக்கு வருகிறேன்.

1897ஆம் ஆண்டு முடிந்து 1898 பிறந்த மாரிகாலத்தில், ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவன், பேராசிரியர் தப்பைனரின் ஆய்வுகூடத்தில் அக்கிரிடீன் என்னும் சாயம் பரமீசியங்களை எப்படிக் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அதே சாயம், அதே அளவு. ஒருநாள் விரைவாகச் சாகின்றன, இன்னொருநாள் உயிரோடு நீந்துகின்றன. வேறொருவர் என்றால் பிழையான பரிசோதனை என்று கொப்பியில் வெட்டிவிட்டிருப்பார். ராப் யன்னலைப் பார்த்தான். இரண்டாவது நாள் இடிமின்னலோடு வானம் இருண்டிருந்தது. சாயம் தனியே கொல்லவில்லை, ஒளியும் தனியே கொல்லவில்லை, இரண்டும் சேர்ந்துதான் கொல்கின்றன. பின்னர் மூன்றாவது கூட்டாளியும் வேண்டும் என்று கண்டார்கள். அதுதான் ஒட்சிசன்.

நடப்பது இதுதான். சாயம் ஒளியை உறிஞ்சிச் சக்தி பெறுகிறது. அதைப் பக்கத்திலுள்ள ஒட்சிசனுக்குக் கைமாற்றிவிடுகிறது. சக்தி பெற்ற ஒட்சிசன் அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகிறது. கலத்துக்குள் அதன் ஆயுள் ஒரு செக்கனின் மில்லியனில் சில பங்குகள் மட்டுமே. அதற்குள் அது போகக்கூடிய தூரம் ஒரு கலத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான். ஆகவே சாயம் தங்கிய கலத்தில், ஒளி பட்ட நேரத்தில் மட்டும் அழிவு நடக்கும். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. இதற்கு ஒளியியக்கச் சிகிச்சை என்று பெயர். 1903இலேயே தப்பைனரும் யெசியொனெக்கும், சிவப்பு மையிலும் சேரும் இயோசின் சாயத்தைத் தோற்புற்றில் பூசி ஒளி காட்டிப் பார்த்தார்கள்.

நம் பக்கத்திலும் இந்த அறிவு இருந்தது. வெண்குட்டத்துக்குக் கார்போகரிசி கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்வது பழைய வைத்திய முறை. அந்த விதையிலுள்ள சோரலன் தோலுக்குள் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால்தான் வேலை நடக்கும். அளவு தப்பினால் தோல் வெந்துவிடும் என்பதையும் அந்த வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒளியைச் சாதுவான மருந்தென்று எண்ணிவிடாதீர்கள். 1912இல் மெயர்-பெட்ஸ் என்ற ஜேர்மன் வைத்தியர், குருதியிலிருந்து பெறும் போபைரின் சாயம் 200 மில்லிகிராமைத் தன் உடம்பிலேயே ஏற்றி வெயிலில் இறங்கினார். முகமும் கைகளும் ஆளை அடையாளம் தெரியாதபடி வீங்கின. இரண்டு மாதத்துக்கு மேல் வெயில் ஆகவில்லை. அந்தச் சாயத்தின் வழிவந்ததுதான் போட்டோஃபிரின். அமெரிக்காவின் பஃபலோ நகரில் தோமஸ் டொகேர்ட்டி அதை மருந்தாக வளர்த்தெடுத்தார். 1993இல் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு முதன்முதல் அனுமதி கொடுத்த நாடு கனடா. இன்றும் அதை ஏற்றிய நோயாளர் குறைந்தது 30 நாள் வெயிலுக்கும் கடும் விளக்குக்கும் ஒதுங்கியிருக்கவேண்டும்.

கனடா என்றதும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லவேண்டும். ஜூலியா லீவி. 1934இல் சிங்கப்பூரில் பிறந்து, போர்க்காலத்தில் சிறுமியாக வன்கூவருக்கு வந்து சேர்ந்தவர். நுண்ணுயிரியல் பேராசிரியை. தாயாருக்கு வயதானோரின் விழித்திரை நோய். கண்ணின் நடுவில் ஒழுகும் குருதிக்குழாய்கள் முளைத்துப் பார்வையைக் கெடுக்கும் வகை அந்த நோயில் உண்டு. லீவியும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய வேர்ட்டிபோர்ஃபின் சாயத்தைக் கையில் ஏற்றி, சற்று நேரத்தில் கண்ணுக்குள் 83 செக்கன் சிவப்பு லேசர் காட்டினால் அந்தக் குழாய்கள் அடைபடும். 2000ஆம் ஆண்டு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது போன பார்வையைத் திருப்பித் தரவில்லை, போய்க்கொண்டிருந்ததை மெதுவாக்கியது. பிறகு கண்ணுக்குள் போடும் ஊசிமருந்துகள் வந்து அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. அதனால் அந்த வேலை வீணென்று ஆகாது. இடையிலிருந்த வருடங்களில் பலர் தங்கள் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள்.

இப்போது எல்லோரும் கைத்தொலைபேசியின் ரோச்சைப் போட்டு ஒரு விரலால் மூடிப் பாருங்கள். வெள்ளை ஒளியைக் கொடுத்தீர்கள், வெளியே வருவது சிவப்பு. நீலத்தையும் பச்சையையும் குருதி எடுத்துக்கொண்டது. சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. எங்களுடைய பெரிய தடை இதுதான். நீலம் தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடப் போகாது. சிவப்பு சில மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம், ஒரு சென்ரிமீற்றர் அளவு பயன்படும். வயிற்றுக்குள் இருக்கும் கட்டிக்கு வெளியிலிருந்து ஒளி போகாது. சிஸ்டர் வார்டின் முக்கோணம் இங்கேயும் நிற்கிறது: ஒளி படாத இடத்தில் வைத்தியம் இல்லை.

நனோப் பொருட்கள் வருவது இந்த இடத்தில்தான். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் மில்லியனில் ஒரு பங்கு. அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தில் நயோமி ஹாலாஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகிய இரு பெண்கள், சிலிக்காத் துணிக்கையின் மேல் மெல்லிய தங்கத் தோல் போர்த்தினார்கள். முழுத்துணிக்கை 150 நனோமீற்றர் அளவு. தங்கத் தோலின் தடிப்பை மாற்றினால் அது பிடிக்கும் ஒளியின் நிறமும் மாறும். அண்மை அகச்சிவப்பைப் பிடிக்கும்படி அமைத்துக் கட்டிக்குள் சேர்த்தால், லேசர் பட்டவுடன் துணிக்கை சூடாகிக் கட்டியைச் சுட்டுவிடும். இதற்கு ஒட்சிசனும் தேவையில்லை. 2003இல் இது எலிகளில் நடந்தது. 2019இல் புரஸ்தச் சுரப்பிப் புற்று உள்ள 16 ஆண்களில் செய்த முதல் முயற்சியை வெளியிட்டார்கள். ஒளியை மெல்லிய நார்கள் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள்.

இன்னொரு வழி, சாயத்துக்கு முகவரி எழுதிக் கொடுப்பது. கோபயாஷி என்னும் யப்பானிய வைத்தியர் அமெரிக்காவில் இதைச் செய்தார். பெயின்றுக்கு நீலம் கொடுக்கும் தாலோசயனின் குடும்பத்துச் சாயம் ஒன்றை, புற்றுக்கலத்தைத் தேடிச்சென்று ஒட்டும் பிறபொருளெதிரியுடன் இணைத்தார். 2020இல் யப்பான் தலை, கழுத்துப் புற்றுக்கு இதை அனுமதித்தது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "நனோ மருந்து வந்துவிட்டது, புற்றுநோய் போய்விட்டது" என்று யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம். எங்கள் துறையில் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை எலியோடு நின்றுவிடுகின்றன. எலியின் உடம்பு சிறியது. கட்டி தோலுக்கு அடியிலேயே இருக்கும். ஒளி எளிதில் போய்ச் சேரும். மனித உடம்பு ஆழமானது. ஏற்றும் துணிக்கைகளில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அவை எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்று பார்க்காமல் எதையும் மருந்தென்று சொல்லக்கூடாது. நாங்கள் மாதக்கணக்கில் செய்த ஒரு சாயம் ஆய்வுகூடத் தட்டில் அருமையாக வேலை செய்தது. குருதியோடு கலந்ததும் திரண்டு படிந்துவிட்டது. அன்று பின்னேரம் எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டு அடுத்த நாள் திரும்பத் தொடங்கினோம். எங்கள் வேலையில் பெரும்பகுதி அப்படித்தான்.

ஆனால் ஒரு விடயத்தில் காத்திருக்கத் தேவையில்லை. இங்குள்ள அம்மாமாருக்கும், அம்மம்மா, அப்பம்மாமாருக்கும் சொல்கிறேன். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் காலுக்கும் பாதத்துக்கும் இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உடம்பை வளைத்து வீறிட்டாலோ, வெயிலைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஒரு துளி குருதியில் அளவு தெரிந்துவிடும். விளக்கு அங்கே இருக்கிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பேத்தி தொலைபேசியில் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.

மாணவிச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் முக்கோணத்தைக் கண்டவர் பேராசிரியர் அல்ல, விடுதியில் பிள்ளைகளைத் தூக்கி வைத்த தாதி. இடிமின்னலைக் கணக்கில் எடுத்தவன் உங்களிலும் சில வயதே மூத்த மாணவன். இருவரும் கண்டது, மற்றவர்களும் பார்த்த ஒன்றைத்தான். உங்கள் செய்முறைக் கொப்பியில் ஒருநாள் விடை பிழைத்தால் உடனே அழித்துவிடாதீர்கள். அன்று யன்னல் திறந்திருந்ததா என்று ஒருதரம் பாருங்கள்.

போன கிழமை என் பெறாமகனிடம் இந்த உரையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பேச்சு கையாலும் எழுத்தாலும்தான். "என் கதையையும் சொல்லுங்கோ சித்தி" என்று எழுதிக் காட்டினான். அவனுடைய அனுமதியோடுதான் சொன்னேன். அவனுக்குப் பிறந்த மகளுக்கும் இரண்டாம் நாள் மஞ்சள் வந்தது. அன்றே குருதி பார்த்தார்கள், அன்றே விளக்கின் கீழ் வைத்தார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தாள். கதவு தட்டினால் முதலில் திரும்பிப் பார்ப்பவள் இப்போது அவள்தான்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒளியைக் கேள்வியாகக் காட்டித்தந்த எல்லா ஆசிரியைகளையும் நன்றியோடு நினைத்து விடைபெறுகிறேன்.